டீ ஆச்சு, கப்பல் போச்சு

பிப்ரவரி 9, காலை ஆறு மணி. துறைமுக வாசலில் நான்கு பேர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் பெயர் மாசானமுத்து, வயது எண்பத்திரண்டு. தள்ளிக்கொண்டு வந்தவர்கள் அவருடைய மகன்கள் சுடலைமணி, பலவேசம், பேச்சிமுத்து. உல்லாசக் கப்பல் புறப்படும் நேரம் மாலை ஆறு.

இதே வாசலில் முப்பத்தாறு வருடம் காவலாளியாக இருந்தவர் மாசானமுத்து. கப்பலேறப் போகிறவர்களுக்கெல்லாம் கதவைத் திறந்துவிட்டவர், ஒரு கப்பலிலும் கால் வைத்ததில்லை. சாவதற்குள் ஒருமுறை ஏறிவிட வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. நாங்களே ஏற்றிவிடுகிறோம் என்று மகன்கள் சொன்னார்கள். அன்றிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை.

சீட்டு எடுத்துக்கொடுத்த செல்வராணி போனில் நான்கு விஷயம் சொல்லியிருந்தார். மூன்று மணி நேரம் முன்னதாக வர வேண்டும். மாத்திரை கையிலேயே இருக்க வேண்டும். பெரியவரைத் தனியே விடக் கூடாது. எதற்கும் வீட்டில் ஒத்திகை பார்த்துக்கொள்வது நல்லது.

"சாயங்காலக் கப்பலுக்கு இப்பவே எதுக்குய்யா வந்தீங்க?" என்றார் வாசல் காவலர்.

"மூணு மணி நேரம் முன்னாடி வரச் சொன்னாங்க. நாங்க நாலு பேரு," என்றான் மூத்தவன் சுடலைமணி.

காவலர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

நடுமகன் பலவேசத்தின் வலது கை முந்தின நாளிலிருந்தே மூடியிருந்தது. உள்ளே எட்டு இரத்த அழுத்த மாத்திரைகள். சோதனை செய்யுமிடத்தில் கையைத் திறக்கச் சொன்னார்கள்.

"தொறந்தா கையில இருக்காதே, ஸார்."

இளையவன் பேச்சிமுத்து யோசித்தான். "அண்ணே, நீ தொற. நான் கீழ என் கைய வச்சுக்கிடுதேன். அப்பவும் கையிலதான இருக்கும்?"

திறந்தபோது மாத்திரைகள் வியர்வையில் கரைந்து சட்னியாகியிருந்தன.

"அதை நீங்களே நக்குங்கல, மூதிகளா," என்றார் மாசானமுத்து. "என் மாத்திரை என் சட்டைப் பையில கெடக்கு. பெத்தவனுக்கு உங்களைத் தெரியாதா?"

ஆனால் ஒத்திகையில் அவர்களை யாரும் குறை சொல்ல முடியாது. வீட்டு முன்னால் டிராக்டர் டிரெய்லரில் ஒரு பலகையைச் சாய்த்து வைத்து, முப்பத்தோரு தடவை அப்பாவை நாற்காலியோடு தள்ளி ஏற்றியிருந்தார்கள். ஏற்றி முடித்ததும் சுடலைமணியின் மனைவி அடுப்படியிலிருந்து "டீ ஆச்சு" என்று குரல் கொடுப்பாள். மூவரும் இறங்கிப் போய்க் குடித்துவிட்டு வந்துதான் அப்பாவை இறக்குவார்கள். அதுவரை அவர் மேலே வெயிலில் காய்வார். ஒருநாளும் இந்த முறை பிசகியதில்லை.

கப்பலிலும் பிசகவில்லை. மாலை ஐந்து மணிக்குச் சாய்பாலத்தில் ஏற்றினார்கள். ஓர் ஆட்டமில்லை, அசைவில்லை. மேல்தளத்தில் நாற்காலியை நிறுத்தியதும் மாசானமுத்து தன் பழைய வாசலை மேலிருந்து பார்த்தார். தீப்பெட்டி அளவுதான் இருந்தது. ஐந்து நிமிடம் அவர் யாரையும் திட்டவில்லை.

அப்போது வெள்ளைச் சீருடைக்காரர் ஒருவர் வந்து, "டீ ஆச்சு, வாங்க," என்றார்.

மூவரும் இறங்கினார்கள்.

துறைமுக வாசலுக்கு வெளியே டீக்கடையில் இரண்டாவது வடையைக் கடிக்கும்போது கப்பல் ஊதியது.

"அண்ணே, கப்பல் போவுது."

"போவட்டும். ஏத்திவிடுதோம்னுதான சொன்னோம். ஏத்தியாச்சுல்லா?"

"தனியா விடக் கூடாதுன்னாங்களே?"

சுடலைமணி டீயை ஆற்றியபடி யோசித்தான். "உள்ள ஆயிரத்து இருநூறு பேரு இருக்காங்க. தனியா நிக்கது நாமதாம்ல."

மூவரும் நெருங்கி உட்கார்ந்துகொண்டார்கள்.

தூரத்தில் மேல்தளத்தில் ஒரு கை ஆடிக்கொண்டிருந்தது. கூப்பிடுகிறாரா, வழியனுப்புகிறாரா என்று விவாதித்தார்கள். முடிவதற்குள் கப்பல் மறைந்துவிட்டது. அப்பாவை இறக்காமல் வீட்டுக்குப் போனால் ஒத்திகை பாதியில் நின்றுவிடும் என்பதில் மட்டும் மூவருக்கும் ஒரே கருத்து. நான்கு நாள் டீக்கடையிலேயே இருந்தார்கள்.

பிப்ரவரி 13 மதியம் கப்பல் திரும்பியது. "அய்யாவ எறக்கணும்" என்று மூவரும் முன்பக்கச் சாய்பாலத்தில் ஏறி ஓடினார்கள். மூன்று மணி நேரம் கெஞ்சிக் காவலரைக் களைக்க வைத்த பிறகே அவர் விட்டிருந்தார். அவர்கள் மேலே போய்ச் சேர்வதற்குள் மாசானமுத்து நாற்காலியை மேல்தளத்திலேயே விட்டுவிட்டு, பின்பக்கம் வழியாகக் கப்பல் ஊழியர் ஒருவரின் தோளைப் பிடித்து நடந்தே இறங்கி, கன்னம் கொஞ்சம் உப்பி, புதுத் தொப்பியோடு டீக்கடைக்கு வந்திருந்தார்.

காவலர் அவரைப் பார்த்துப் பதறினார். "பெரியவரே, உங்க பையங்க உள்ள தேடிட்டு இருக்காங்க. ஒரு சத்தம் குடுங்க."

"சும்மா இரும்," என்றார் மாசானமுத்து. "கூப்பிட்டா எறங்கி வந்துருவானுவ."

மாலை ஆறு மணிக்குக் கப்பல் மறுபடி புறப்பட்டது. மேல்தளத்தில் சுடலைமணியும் பேச்சிமுத்துவும் காலி நாற்காலியில் அப்பாவுக்குப் பதிலாகப் பலவேசத்தை உட்காரவைத்துப் பிடித்துக்கொண்டு, "டீ ஆச்சு" என்ற குரலுக்காகக் காத்து நின்றார்கள். அன்று கப்பலில் பால் தீர்ந்துபோனதால் டீ போடவில்லை.