குடும்பப் பெயர் கட்டாயம்

எங்கள் கல்லூரியில் கம்ப்யூட்டர் துறைத் தலைவர் வில்வநாதன், அட்மிஷனுக்குத் தானே ஒரு சாஃப்ட்வேர் செய்து முடித்தார். பிரின்சிபாலையும் வகுப்புக்கு அழைத்துவந்து பெருமையடித்தார்.

"சாஃப்ட்வேர் டிசைன்னா இதைப் பார்த்துக் கத்துக்குங்க. தப்பே கிடையாது!"

கடைசி பெஞ்சிலிருந்து செண்பகவல்லி எழுந்தாள். "யாரையாவது உட்காரவெச்சு இதை ஓட்டிப் பார்த்தீங்களா சார்?"

சாருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "நான் செஞ்சதுக்குச் சோதனையா? புரோகிராமைப் பார்க்காம, கம்ப்யூட்டரைத் தொடாம ஒரு தப்பு கண்டுபிடி. இல்லேன்னா இன்டர்னல் மார்க் முட்டைதான்!"

"சரி சார். நீங்களே மாணவனா சேருங்க, நாங்க பார்க்கிறோம்."

சார் சிரித்துக்கொண்டே தன் பெயரை அடித்தார். 'குடும்பப் பெயர் கட்டாயம்' என்றது வகுப்புச் சுவரில் இருந்த பெரிய திரை. வெளிநாட்டுப் புத்தகத்தைப் பார்த்துப் போட்ட கட்டம் அது. சாருக்கு இருந்ததோ வெறும் இனிஷியல். 'க' என்று அடித்தார். ஓர் எழுத்து போதாது என்றது. வேறு வழியில்லாமல் அப்பா பெயரையே முழுசாக அடித்தார்.

'வருக, திரு. கருப்பையா!' என்று கொட்டை எழுத்தில் வந்தது.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. பிரின்சிபால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் பொண்ணுக்கு முழு மார்க் போடுங்க" என்றார்.

செண்பகவல்லி மட்டும் சிரிக்காமல் திரையைக் காட்டினாள். "அடுத்த கேள்வி வந்திருக்கு சார். அப்பாவுக்கு ஹாஸ்டல் வேணுமா?"