கரணத்தார் என்ற பெயர்

வெகு காலத்துக்கு முன்னே முல்லைப்பாடி நாட்டை வச்சிரகேது என்றொரு ராஜா ஆண்டுவந்தான். மனம் குளிர்ந்தால் அள்ளிக் கொடுப்பான். கசந்தால் சவுக்கை எடுக்கச் சொல்வான். மழை பொய்த்துப்போய் அவன் முகம் கடுகடுவென்று இருந்த காலம் அது. சபையில் இருமவே ஆட்கள் பயந்தார்கள்.

"யாராவது என்னைச் சிரிக்க வையுங்கள்" என்றான் ஒருநாள்.

குதிரைப்படைத் தலைவன் விடங்கராயன் எழுந்தான். இல்லாத குதிரைகளுக்கும் சேர்த்துக் கொள்ளு வாங்கியவன் அவன். அரண்மனைக் கணக்கெழுதும் பெருந்தேவர் அதைக் கண்டுபிடித்து நிறுத்தியதிலிருந்து அவனுக்குள் புகைச்சல்.

"மகாராஜா, கணக்கெழுதுகிறவரைக் கரணத்தார் என்கிறோமே, குட்டிக்கரணம் போடுவதால்தானே? இவர் இதுவரை ஒன்றுகூடப் போட்டுக் காட்டவில்லை."

ராஜாவின் உதடு லேசாக விரிந்தது. "போடச் சொல்."

பெருந்தேவர் முதுகு வளைந்த கிழவர். குட்டிக்கரணம் போட்டால் கழுத்து முறிந்துவிடும். அவர் மேல்துண்டை எடுத்து மடித்து வைத்தார். அதைப் பார்த்த மந்திரி நன்னாகனார் எழுந்தார்.

"மகாராஜா, கரணம் என்றால் செய்கை என்றும் பொருள். அரசரின் செய்கைகளை ஓலையில் எழுதுகிறவர், அதனால்தான் கரணத்தார். தாங்கள் முதலில் ஒரு குட்டிக்கரணம் போட்டால் அவர் எழுதிக்கொள்வார்."

"நான் போடுவதா?"

"தங்களுக்குச் சிரமம் என்றால், யோசனை சொன்னவர் தங்கள் சார்பில் போடலாம்."

ராஜா விடங்கராயனைப் பார்த்துக் கையசைத்தான். கவசத்தோடு உருண்ட தலைவனின் தலைப்பாகை ஒரு பக்கம், வாள் ஒரு பக்கம். ராஜா கண்ணில் நீர் வரச் சிரித்தான். உருண்டு விழுந்தவன் படையை நடத்த வேண்டாம் என்று அன்றே விடங்கராயனின் பதவியைப் பறித்தான். மந்திரிக்கு முத்துமாலையும் பெருந்தேவருக்குப் பட்டும் கிடைத்தன.

ஆனால் கரணத்தார் என்றால் குட்டிக்கரணம் போடுகிறவர் என்ற கேலி அரண்மனை வாசலைத் தாண்டிவிட்டது. பெருந்தேவர் தெருவில் இறங்கினால் பிள்ளைகள் முன்னால் ஓடிவந்து கரணம் போட்டார்கள். கடைக்காரர்கள் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார்கள். கோயிலுக்குப் போவதைக்கூட அவர் நிறுத்திவிட்டார். ஒரு காலையில் மனைவியோடு மந்திரி வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"ஊரை விட்டுப் போகிறோம் ஐயா."

"அன்றைக்கு உங்களைக் காப்பாற்றினேன் என்று நினைத்தேனே, பெருந்தேவரே."

"உயிரைக் காப்பாற்றினீர்கள். சபையில் நீங்கள் சொன்ன பொருளும் சரிதான். தெருவுக்கு அது வந்து சேரவில்லை."

அவர்கள் தெருமுனை திரும்பும்வரை மந்திரி வாசலில் நின்றார்.

புதிதாகக் கணக்கெழுத வந்தவர் முதல் நாளே கேட்டுக்கொண்டார்: "என்னைக் கணக்கர் என்று மட்டும் கூப்பிடுங்கள்."

மந்திரி சரி என்று தலையாட்டினார். அதன்பின் முல்லைப்பாடியில் யாரும் கரணத்தார் ஆகவில்லை.