மூன்றாம் வளைவில் நின்ற ஆட்டுக்கல்

“அம்மா, நான் ஊருக்கே திரும்பிப் போயிடறேன். என்னால ஆகாது.”

மலைப்பாதையின் மூன்றாம் வளைவு. ஐம்பத்தெட்டு வயது மாசிலாமணி தள்ளுவண்டிக்கு முதுகை முட்டுக் கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். வண்டியில் ஓர் ஆட்டுக்கல்.

மலை உச்சியில் இருந்த மடத்தின் வழக்கம் அது. சீடராகச் சேர வருகிறவர் அடுக்களைக்கு ஓர் ஆட்டுக்கல்லைத் தாமே மேலே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். சேர்த்தால்தான் தீட்சை.

கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு, ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு கிளம்பி வந்தவர் அவர். இப்போது எந்த முகத்தோடு திரும்புவது? நினைத்தாலே அழுகை முட்டியது.

மடத்தின் குரு திலகவதி அம்மைக்கு அவரைவிடப் பதினைந்து வயது குறைவு. மோர்ச் செம்போடு இறங்கி வந்திருந்தார்.

“முதல்ல இதைக் குடிங்க.”

“அசைஞ்சா வண்டி உருண்டுடும்மா.”

அம்மை செம்பைக் கீழே வைத்துவிட்டு ஒரு பாறையில் சாவகாசமாக உட்கார்ந்தார்.

“எவ்வளவு நேரமா இப்படி நிக்கிறீங்க?”

“காலையில இருந்து.”

“வண்டி எவ்வளவு ஏறுச்சு?”

“ஒரு அடிகூட ஏறலை. ஆனா இறங்க விடலை.”

“அப்ப காலையில இருந்து என்ன வேலை செஞ்சீங்க?”

மாசிலாமணிக்குச் சுருக்கென்றது. குருவாவது ஒன்றாவது என்று கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“என்ன வேலையா? சட்டையைப் பிழிஞ்சா ஒரு குடம் வேர்வை வரும். முதுகு விண்டு போகுது. இது வேலை இல்லையா?”

அம்மை எழுந்துபோய், தேங்காய் அளவில் இரண்டு கற்களைப் பொறுக்கி வந்து பின்சக்கரங்களுக்கு அடியில் வைத்தார்.

“இப்ப நகருங்க.”

“ஆட்டுக்கல்லை விட்டு விலகினா, நேர்ந்துக்கிட்டது கெட்டுப் போயிடாதா?”

“யார் சொன்னது?”

மாசிலாமணி விழித்தார். “நானாத்தான் நினைச்சுக்கிட்டேன்.”

பயந்து பயந்து முதுகை எடுத்தார். வண்டி அசையாமல் நின்றது.

“காலையில இருந்து நீங்க செஞ்சதைத்தான் இந்தக் கல்லு ரெண்டும் இப்ப செய்யுது. இதுங்களுக்கு வேர்க்குதா பாருங்க.”

அவர் குனிந்து, நிஜமாகவே பார்த்தார். அப்புறம் வெட்கம் தாங்காமல் சிரித்துவிட்டார். மோர் முழுவதையும் ஒரே மூச்சில் குடித்தார்.

குடித்து முடித்ததும், தோளால் வண்டியை நெம்பினார். நான்கு அடி ஏறியது. அம்மை கற்களை நகர்த்தி வைத்தார். மாசிலாமணி கையை உதறிவிட்டு நின்று மூச்சு வாங்கினார். மறுபடியும் நான்கு அடி.

உடம்பில் தெம்பு வந்ததும் பழைய பயமும் கூடவே வந்தது.

“அம்மா, போன வருசம் வந்த பொன்னுரங்கம் ஒரே பகல்ல ஏத்திட்டாராமே. இந்தக் கணக்குக்கு எனக்குப் பத்து நாள் ஆகும்.”

“ஆகட்டும்.”

“பத்து நாள் தள்ளினவனுக்கும் தீட்சை உண்டா?”

திலகவதி அம்மை காலிச் செம்பை எடுத்துக்கொண்டு ஏறத் தொடங்கினார்.

“மேல ஒன்பது ஆட்டுக்கல் வரிசையா கிடக்கு. வந்ததும் பாருங்க. பொன்னுரங்கத்தோடது எதுன்னு தெரிஞ்சா, எனக்கும் சொல்லுங்க.”