சக்கரம் ஏறக் கூடாத சாலை

தீர்ப்பை உங்களிடம் விடப்போகிறேன். ஆகவே நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன், நிதானமாகக் கேளுங்கள்.

வரகங்குளம் கரிசல் பூமி. காய்ந்தால் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும், நனைந்தால் உப்பிப் பசையாகும் அந்த மண். பருத்திக்கு அது தாய், பாதைக்கு எமன். ஊரிலிருந்து தார்ச்சாலைக்குப் போக ஒரு மைல் மண்பாதைதான் வழி. சரளை கொட்டினால் ஒரே மழையில் களிமண் அதை விழுங்கிவிடும். முந்தின வருடம் ஐப்பசியில், இசக்கியம்மாளைப் பிரசவத்துக்கு ஏற்றிப்போன டிராக்டர் அந்தப் பாதையின் நடுவில் அச்சுவரை புதைந்தது. குழந்தை அங்கேயே பிறந்தது. அழவில்லை.

அதன்பிறகு சாலை போட வந்த பொறியாளர் சகாயராணி, தூத்துக்குடிக் கடற்கரையில் வளர்ந்தவள். “இந்த மண்ணை அள்ளி எறிய வேண்டாம், இதையே கெட்டியாக்கலாம்” என்றாள். மேல்மண்ணைக் கிளறி உடைத்தார்கள். அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரிந்து மிஞ்சும் சாம்பலை அதன்மேல் பரப்பி, கொஞ்சம் சிமெண்டும் சேர்த்து, தண்ணீர் தெளித்துக் கலந்து, ரோலர் விட்டு இறுக்கினார்கள். சாம்பலும் சிமெண்டும் களிமண்ணைப் பிடித்துக்கொண்டால் அது பிறகு உப்பாது, வெடிக்காது.

இசக்கி அப்போது மறுபடியும் கர்ப்பமாக இருந்தாள். தினமும் பாதையோரம் வந்து வேலையைப் பார்த்தபடி நிற்பாள். ஒருநாள் சகாயராணியே போய் அவள் கையைப் பிடித்தாள்.

“உங்க பிரசவத்துக்கு வீட்டு வாசலுக்கே வண்டி வரும், இசக்கி. நான் பொறுப்பு.”

ரோலர் ஓடி முடிந்த அன்று ஊரைக் கூட்டி இன்னொரு வாக்கும் கொடுத்தாள். “ஒரு வாரத்துக்கு ஈரச் சாக்கு போட்டு மூடி வைக்கணும். ஆள் நடக்கலாம். சக்கரம் மட்டும் ஏறக் கூடாது. ஏறினா உள்ளுக்குள்ள விரிசல் விட்டுடும், வர்ற மழைக்குத் தாங்காது. மழைக்கு முன்னால மறுபடி போட வழியும் இல்லை. அதனால ஒரு வண்டியையும் விட மாட்டேன்.”

பாதையின் முகப்பில் மூங்கில் தடுப்புக் கட்டினார்கள். காவலுக்கு வெள்ளத்தாய் தானாகவே முன்வந்தாள். அவள் மகள் பேச்சிக்கு அடுத்த மாதம், அடைமழையில், பிரசவம்.

மூன்றாம் நாள் காலையிலேயே, யாரும் எதிர்பாராமல், இசக்கிக்கு வலி கண்டது. ஆம்புலன்ஸ் வந்து தடுப்பின் முன் நின்றது. அதிலிருந்த செவிலி இறங்கி நடந்தே ஊருக்குள் போனாள்.

அவள் வீடு சேர்ந்த நேரத்தில்தான் சகாயராணி செய்தி கேட்டுத் தடுப்புக்கு ஓடிவந்தாள். யோசிக்கவே இல்லை. “அவிழ்த்து விடுங்க. வண்டி உள்ளே போகட்டும்.”

வெள்ளத்தாய் ஈரச் சாக்குகளை ஒருமுறை பார்த்தாள். பிறகு குனிந்து முடிச்சை அவிழ்த்தாள். “போகட்டும் தாயி. என் மக பாட்டை அப்புறம் பாத்துக்கிடலாம்.”

மூங்கில் விலகியது. வண்டி வருகிறது என்று சொல்லச் செவிலிக்குப் போன் போட்டாள் சகாயராணி. அங்கே வீட்டில் இசக்கி செவிலியின் கையைப் பற்றியிருந்தாள். “நேரம் இருக்கா சிஸ்டர்?” செவிலி சோதித்துப் பார்த்தாள். “இருக்கு. பனிக்குடம் உடையல. பிள்ளை துடிப்பும் நல்லா இருக்கு.” உடனே இசக்கி போனை வாங்கிக்கொண்டாள்.

“வண்டி வேண்டாம் மேடம். ஆள் நடக்கலாம்னு நீங்கதானே சொன்னீக? கட்டில்ல தூக்கிட்டு வரச் சொல்லுதேன்.”

“இசக்கி, நான் உங்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்.”

“அதைத்தான் விட்டுக் குடுக்கேன். போன வருசம் நான் பட்டதைப் பேச்சி படக் கூடாது.”

கயிற்றுக் கட்டிலில் படுக்க வைத்துத் தூக்கினார்கள். கட்டிலின் முன்கால் ஒன்றை அவள் கணவன் கருத்தப்பாண்டி தோளில் வைத்துக்கொண்டான். செவிலி வயிற்றில் வைத்த கையை எடுக்காமலே கூட நடந்தாள். வண்டியைத் தடுப்பிலேயே நிற்கச் சொல்லிவிட்டு, சகாயராணியும் வெள்ளத்தாயும் எதிரே ஓடிவந்தார்கள். சகாயராணி செருப்பைக் கழற்றிவிட்டு, கட்டிலுக்குத் தோள் கொடுத்தாள். டிராக்டர் புதைந்த இடம் வந்தபோது இசக்கி கண்களை இறுக மூடிக்கொண்டாள். அவள் நெற்றியைத் தடவியபடி வந்த வெள்ளத்தாய் அந்த இடம் கடந்ததும் சொன்னாள்: “கண்ணைத் தொற ஆத்தா. தாண்டிட்டோம்.”

நண்பகலில் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. வார்டே திரும்பிப் பார்க்கும்படி அழுதது. சாலையில் ஒரு கீறலும் விழவில்லை. அடுத்த மாதம் பேச்சிக்கு வலி கண்டபோது, கொட்டும் மழையில் வண்டி வாசல்வரை போனது.

ஊருக்குக் கொடுத்த வாக்கை உடைக்கத் துணிந்தாள் சகாயராணி. மகளுக்கான பாதையை விட்டுக்கொடுத்தாள் வெள்ளத்தாய். வந்த வண்டியை வேண்டாம் என்றாள் இசக்கி. இந்த மூவரில் பெரிய மனம் யாருடையது? யார் செய்தது சரி?

விடை: வெள்ளத்தாய் இரங்கியது உண்மை, ஆனால் அவள் விட்டுக்கொடுத்தது பேச்சியின் வழியை. பேச்சியை யாரும் கேட்கவில்லை. இசக்கியோ, ஆபத்தில்லை என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, தனக்குச் சேர வேண்டியதை மட்டும் விட்டாள். பெரிய மனம் அவளுடையது. ஆனால் சரியாகச் செய்தவள் சகாயராணி. சாலையை இன்னொரு கோடையில் போட்டுக்கொள்ளலாம்; பேச்சிக்கு வேறு வழி தேட ஒரு மாதம் இருந்தது. உயிரை அப்படித் தள்ளிப்போட முடியாது. மேலும், தடுப்பு கட்டியபடியே இருந்திருந்தால் இசக்கி கட்டிலில் வந்தது கதியற்று வந்ததாகியிருக்கும். அது திறந்த பிறகுதான் “வேண்டாம்” என்று சொல்லும் உரிமையே அவளுக்குக் கிடைத்தது.