கப்பலில் யாருக்கும் வாந்தி வரவில்லை

மூக்கைச் சுளிக்காமல் கேட்கக்கூடியவர்களுக்கு மட்டும் இந்தக் கதை.

பேட்டைப் பள்ளிக்கு மெய்நிகர் கருவிகள் வந்திருந்தன. கண்ணை ஒன்று மூடும், காதை இரண்டு மூடும். மாட்டிக்கொண்டால் வகுப்பறை மறைந்து வேறோர் உலகம் தெரியும். அங்கே ஆளுக்கோர் உருவம். நாம் தலையைச் சொறிந்தால் அதுவும் சொறியும். நாம் கை தூக்கினால் அதுவும் தூக்கும். முகம் மட்டும் நம்முடையதல்ல. செய்தவர்கள் ஒட்டிவைத்த புன்னகை எந்நேரமும் அப்படியே இருக்கும்.

அந்த உலகத்தில் பாடம் நடத்திப் பார்க்க மூன்று ஆசிரியர்கள் மாதக்கணக்கில் பாடுபட்டு ஒரு பாய்மரக் கப்பலைக் கட்டினார்கள். கப்பலின் வரலாறு யூஜினுக்கு. காற்றும் பாயும் அறிவியல் ஆசிரியர் சிங்காரவேலுவுக்கு. துறைமுக வணிகம் மைமூனுக்கு. அவர் பயிற்சிக்காக வெளியூர் போயிருந்ததால் அங்கிருந்தபடியே கப்பலில் ஏறிக்கொள்வார்.

அதிகாரிகள் பார்க்க வந்த நாள். காலையில் ஆசிரியர் அறையில் பால் பொங்கித் தீய்ந்தது. அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த யூஜின் நிமிரவேயில்லை.

"சார், வீடே பத்திக்கிட்டாலும் எழுதிட்டுதான் இருப்பீங்களா? வராண்டா கடைசி வரைக்கும் நாறுது!" என்று ஓடிவந்து அடுப்பை அணைத்தவர் சிங்காரவேலு. காய்ச்சலுக்குப் பிறகு யூஜினுக்கு வாசனையே தெரிவதில்லை என்பது பள்ளிக்கே தெரியும்.

மதியச் சாப்பாடு முடிந்ததும் பிள்ளைகளை உட்காரவைத்துக் கருவிகளை மாட்டினார்கள். சத்தம் வரக்கூடாதென்று பிள்ளைகளின் மைக்குகளை அணைத்தார்கள். "முடியுற வரைக்கும் யாரும் கழட்டக் கூடாது. ஒருத்தர் கழட்டினாலும் கப்பல்ல ஒரு ஆள் குறையும், அதிகாரிங்க முன்னாடி மானம் போயிடும்" என்று சிங்காரவேலு எச்சரித்தார். அவரும் யூஜினும் கதவைச் சாத்திவிட்டு, அதே அறையில் தாங்களும் கருவி மாட்டிக்கொண்டார்கள்.

அதிகாரிகளோடு தலைமையாசிரியை தையல்நாயகி அடுத்த அறையில் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"எல்லாரும் ஏறியாச்சா? காலை நல்லா ஊன்றி நில்லுங்க!" என்று சிங்காரவேலு கணீரென்று குரல் கொடுக்க, கப்பல் கிளம்பியது. அலை தூக்கித் தூக்கிப் போட்டது. உருவங்கள் எல்லாம் சிரித்த முகமாய் நின்றன. முதலில் வரலாறு முடிந்து, பிறகு காற்றைப் பற்றிய பாடம் வந்தபோது ஓர் அதிகாரி பூரித்துப் போனார். "பாருங்க, அந்த சார் கடலைப் பார்த்து அசந்து, மூக்குல கை வெச்சுக்கிட்டே பாடம் எடுக்குறார்! இதல்லவா ஈடுபாடு!" எல்லோரும் கை தட்டினார்கள். தையல்நாயகியும் தட்டினார்.

பாடம் முடிந்து கதவைத் திறந்தவரும் அவர்தான். நாற்றம் முகத்தில் அறைந்தது. நடு வரிசையில் ஏழாம் வகுப்புச் செவ்வந்தி, மார்பெல்லாம் நனைந்து, மடியில் மதியச் சோறு புளித்துக் கிடக்க, இன்னும் கருவியைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். கப்பல் கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே வந்துவிட்டதாம். கழற்றக் கூடாது என்றார்களே! தையல்நாயகி அவளைத் துடைத்துவிட்டார். அப்போது வராத குமட்டல், அடுத்த அறைத் திரையில் பாடத்தின் பதிவு மறுபடி ஓட, அவளுடைய உருவம் சிரித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும் வந்தது. தட்டிய தன் கைகளைப் பார்த்தும் வந்தது.

மறுநாள் செவ்வந்தி வரவில்லை. பிள்ளைகள் வைத்த பட்டப்பெயர் அதற்குள் அவள் தெருவரை போயிருந்தது. தையல்நாயகி வீடு தேடிப் போனார். அம்மா அன்னபாக்கியம் உள்ளே கூப்பிடவில்லை.

"தெரியாம நடந்துச்சுன்னா போகட்டும் டீச்சர். தெரிஞ்சும் பாடம் நடத்துன வாத்தியாரு யாராச்சும் இருந்தா, அவங்க வந்து எம்பொண்ணுகிட்ட பேசணும். அப்புறம் அனுப்புறேன். இல்லன்னா அவ படிச்சது போதும்."

மைமூன் ஊர் திரும்பியதும் தையல்நாயகி மூன்று ஆசிரியர்களையும் அழைத்துக் கேட்டார்.

மைமூனுக்குக் கண் கலங்கியது. "நான் வேற ஊர்ல இருந்தேன் மேடம். மைக்கும் இல்ல. எனக்குத் தெரிஞ்சது அந்தச் சிரிச்ச முகம்தான்."

"நான் அவ பக்கத்துலயேதான் நின்னேன்" என்றார் யூஜின். "காது நிறைய அலைச் சத்தம். என் மூக்கோட கதைதான் உங்களுக்கே தெரியுமே."

சிங்காரவேலு தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "எனக்கும் அன்னிக்குப் பூரா சரியான ஜலதோஷம் மேடம். வேணும்னா பதிவைப் போட்டுக் கேளுங்க, குரல்லயே மூக்கடைப்பு தெரியும்."

தையல்நாயகி போட்டுக் கேட்டார். காற்றைப் பற்றிய பாடம் முழுக்க அவர் குரல் மூக்கடைத்துத்தான் ஒலித்தது.

வாசகரே, கண்ணும் காதும் மூவருக்கும் ஒன்றுபோலக் கப்பலில் இருந்தன. அன்னபாக்கியத்தின் வாசலில் போய் நிற்க வேண்டியவர் இவர்களில் யார்?

விடை: சிங்காரவேலு. அந்தக் கருவி கண்ணையும் காதையும்தான் மூடும், மூக்கை மூடாது. காலையில் வராண்டாவிலிருந்தே பால் தீய்ந்ததை மோந்தவருக்கு, கப்பல் கிளம்பும்போது கணீரென்று பேசியவருக்கு, நடுக்கடலில் மூக்கடைப்பு எங்கிருந்து வரும்? உருவத்தின் முகம் பொய், கை பொய்யல்ல. அதிகாரி வியந்து பார்த்த கை, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்த கை. பிள்ளைகளுக்கும் நாறியது, கழற்றக் கூடாது என்ற சொல்லுக்குப் பயந்து மூச்சை அடக்கிக்கொண்டார்கள். சொன்னவர் நிறுத்தியிருக்கலாம். பதிவில் அந்த இடத்தைக் காட்டியதும் சிங்காரவேலு தலை குனிந்து புறப்பட்டார். தையல்நாயகி தானும் செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே நடந்தார். பள்ளி வாசலுக்கு வந்ததும் ஒன்றே ஒன்று சொன்னார்: "கைக்குட்டையை இங்கேயே வெச்சுட்டு வாங்க சார்."