மன்னரின் வாயும் மரப்பெட்டியும்

பவளப்பட்டணத்து ராஜா குலமாணிக்கத்துக்கு மனசு தங்கம், வாய்தான் ஓட்டை. யாரைப் பார்த்தாலும் பக்கத்து ஆள் காதில் ஒரு கேலி சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

ஒருநாள் ஒரு வியாபாரி பேசும் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தான். எந்த மொழியில் பேசினாலும் எதிராளியின் மொழியில் கணீரென்று சொல்லும். முப்பது மொழி அத்துப்படி!

"இனி அந்நிய மொழிப் பள்ளிக்கூடம் எதற்கு? இழுத்து மூடுங்கள்!" என்றார் ராஜா.

ஆசிரியை மங்கைநாயகி அரண்மனை விகடன் குப்பாண்டியிடம் ஓடினாள். "இருபது வருஷம் ஐயா! நாற்பது பிள்ளைகள் படிக்கிறார்கள். வயிறு எரிகிறது!"

"அழாதே தாயே. எனக்கு ராஜாவின் வாயைத் தெரியும்" என்றவன், நேரே ராஜாவிடம் போனான்.

"மன்னா, நாளைக்கு மேகத்தீவுத் தூதர் கப்பல் உடன்படிக்கைக்கு வருகிறார். விருந்தில் மங்கைநாயகியும் ஓர் ஓரமாக இருக்கட்டும். பெட்டியே போதுமென்றால் பள்ளிக்கூடத்தை நானே பூட்டுகிறேன்."

ராஜா சம்மதித்தார்.

மறுநாள் விருந்து. பெட்டி நடுவில். வரவேற்பும் வணக்கமும் பிரமாதமாகப் போயின. தூதர் ரசம் குடிக்கக் குனிந்தார். அவ்வளவுதான், ராஜாவுக்கு வாய் நமநமத்தது.

"மூக்கைப் பாரேன் குப்பாண்டி! ரசத்தில் முதலில் அதுதான் முங்குகிறது!"

பெட்டி அதையும் தூதர் மொழியில் கணீரென்று சொல்லிற்று.

தூதர் சிவந்துபோய் எழுந்தார்.

"ஐயையோ, இதை யார் சொல்லச் சொன்னது?" என்று பதறினார் ராஜா. பெட்டி அதையும் சொல்லிற்று. "வாயை மூடு, சனியனே!" அதையும் சொல்லிற்று! தூதரின் கை வாளுக்குப் போனது.

குப்பாண்டி பெட்டியின்மேல் துண்டைப் போட்டு, அதன்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டான்.

மங்கைநாயகி முன்னால் வந்தாள். தூதர் மொழியிலேயே பேசினாள்: "ஐயா, எங்கள் ஊரில் மச்சானைத்தான் இப்படிக் கேலி செய்வோம். ஆகாதவருக்கு வெறும் மரியாதைதான். மன்னர் உங்களை உறவாக்கிக்கொண்டார். நீங்களும் திருப்பிக் கேலி செய்யலாம்."

தூதரின் முகம் இளகிற்று. ராஜாவை மேலும் கீழும் பார்த்தார். என்னென்னவோ சொல்லித் தொடையில் தட்டிச் சிரித்தார்.

"என்னம்மா சொல்கிறார்?"

"உங்கள் தொந்தி அழகாம், மன்னா."

ராஜாவும் குலுங்கிச் சிரித்தார். உடன்படிக்கை கையெழுத்தானது. தூதர் 'மச்சான்' என்ற வார்த்தையைக் கற்றுக்கொண்டு கப்பலேறினார்.

ராஜா பெருமூச்சு விட்டார். "என்ன பெட்டியப்பா இது!"

"முப்பது மொழி தெரியும் மன்னா. சும்மா இருக்கத்தான் தெரியாது" என்றான் குப்பாண்டி.

திடீரென்று ராஜாவுக்கு ஒரு சந்தேகம். "ஆமாம், அவர் அவ்வளவு நேரம் பேசினாரே! நீ ரெண்டே வார்த்தையில் முடித்துவிட்டாயே?"

மங்கைநாயகி தலையைக் குனிந்துகொண்டாள்.

குப்பாண்டி மெதுவாக எழப்போனான். "பெட்டி எல்லாவற்றையும் கேட்டுத்தான் இருக்கும். துண்டை எடுக்கட்டுமா, மன்னா?"

"வேண்டாமய்யா, வேண்டாம்!" என்று ராஜா அலறினார். "பள்ளிக்கூடம் இருக்கட்டும்! நீ எழுந்திருக்காதே!"