ஐந்து இலை

எங்கள் சந்தையில் ஐந்து வரிசை. வரிசைக்கு ஓர் ஆளாக ஐந்து பேர் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். மூன்று வரிசையில் நாலு நாலு கடைதான். அந்த மூன்று ஓட்டிலேயே மாசானம் அண்ணாச்சி எப்போதும் ஜெயிப்பார். கீரை வரிசையில் நாங்கள் அறுபது பெண்கள் வெயிலில் காய்ந்தோம். கூரை கேட்டால், “அஞ்சு பேர் சொன்னா சந்தையே சொன்ன மாதிரி” என்பார்.

ஆண்டு விருந்துக்குக் கீரைக்காரி பேச்சித்தாய்தான் சமையல். அவள் ஐந்தே இலை போட்டாள்.

“மத்தவங்களுக்கு?” என்றார் அண்ணாச்சி.

“அஞ்சு பேர் சாப்பிட்டா சந்தையே சாப்பிட்ட மாதிரிதானே, அண்ணாச்சி?”

சந்தையே சிரித்தது. அவர் தலைகுனிந்து, “சரி, இந்தத் தடவை தலைவர் யாருன்னு எல்லாரும் கை தூக்கிச் சொல்லுங்க” என்றார். பேச்சித்தாய் தலைவியானாள்.

எனக்கு அவர்மேல் கோபம் இன்னும் ஆறவில்லை. அவளோ, “வெயில்ல நிக்காதீங்க அண்ணாச்சி” என்று கூப்பிட்டு, முதல் சோறு அவருக்குத்தான் போட்டாள்.